பயிரின் நடுவே ஒரு பாதை: இங்கிலாந்துக் கிராமங்களை நடந்து பார்த்தவர்கள்

மே மாதக் கடைசியில் தென் இங்கிலாந்தில் கோதுமை முழங்கால் உயரம் வளர்ந்திருக்கும். அந்த வயலின் நட்டநடுவே, ஒரு மீட்டர் அகலத்தில், பயிரில்லாத ஒரு கோடு நேராகப் போகும். வேலியோரக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி ஒன்று அந்தப் பக்கம் கைகாட்டும். முதன்முறை வரும் வெளிநாட்டுப் பயணிக்கு அங்கே கால் தயங்கும். யாருடைய நிலமோ, யாருடைய பயிரோ. உள்ளே இறங்கினால் நாயை அவிழ்த்துவிடுவார்களோ?

யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். அது பொதுவழி. நிலம் தனியாருடையது, அதன் குறுக்கே நடக்கும் உரிமை ஊர் உலகத்துக்குச் சொந்தம். விவசாயி அந்த இடத்தை உழுதால், 14 நாட்களுக்குள் பாதையை மறுபடி நடக்கத் தகுந்தபடி சரிசெய்து தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வழியை மக்கள் 20 ஆண்டுகள் தடையில்லாமல் பயன்படுத்தி வந்திருந்தால், அதைப் பொதுவழியாக அங்கீகரிக்கக் கோரவும் சட்டத்தில் இடமுண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இப்படிப்பட்ட பாதைகளின் மொத்த நீளம் சுமார் 2,25,000 கிலோமீட்டர். பூமியை ஐந்து முறைக்கு மேல் சுற்றிவரலாம்.

லண்டனைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் இந்த இங்கிலாந்தைத் தவறவிடுகிறார்கள். சுற்றுலாப் பேருந்தில் ஒரே நாளில் நாலைந்து கிராமங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கும் கிடைப்பது படம்தான். தேன் நிறக் கல்வீடு, ரோஜாக் கொடி, வாத்து நீந்தும் ஓடை என்று எல்லாம் இயற்கையாகவே அமைந்துவிட்டதுபோல் தோன்றும். இறங்கி நடந்தால்தான் அந்த அழகை யார் கட்டினார்கள், எந்தப் பணத்தில் கட்டினார்கள், அதைப் பார்க்கும் உரிமைக்காக யார் சிறைக்குப் போனார்கள் என்பது தெரியவரும். முந்நூறு ஆண்டுகளாக அப்படி நடந்தவர்களும் குதிரையில் போனவர்களும் எழுதிவைத்த அனுபவங்களுக்குக் குறைவில்லை.

கண்ணாடியில் பார்த்த ஏரி

வடமேற்கு மூலையிலுள்ள லேக் டிஸ்ட்ரிக்ட் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 2017-ல் அந்தத் தகுதி கிடைத்தது. ஆனால் 1720களில் நாடு முழுவதையும் விவரித்து மூன்று தொகுதிகள் எழுதிய டேனியல் டீஃபோவுக்கு அந்த மலைகளைக் கண்டால் பயம். விளைச்சலும் இல்லை, வணிகமும் இல்லை. இங்கிலாந்திலேயே தரிசான, அச்சமூட்டும் பகுதி என்று எழுதினார். ‘ராபின்சன் குரூசோ’வை எழுதியவருக்கே பிடிக்காத இடம் அது.

அரை நூற்றாண்டில் கண் மாறியது. ஓவியம்போல் இருக்கும் நிலக்காட்சியைத் தேடிப் போவது வசதி படைத்தவர்களின் நாகரிகமாயிற்று. அதற்கென்றே ஒரு கருவியும் வந்தது. சட்டைப்பையில் அடங்கும், கருமை பூசிய குவிகண்ணாடி. பயணி ஏரிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடியில் விழும் பிம்பத்தை ரசிப்பார். 1769-ல் கெஸ்விக் பக்கம் வந்த கவிஞர் தாமஸ் கிரே இப்படிக் கண்ணாடியைத் திறந்து பிடித்தபடியே போய், சேற்றுச் சந்தில் மல்லாக்க விழுந்தார். விரல் முட்டிகளில் அடி, கண்ணாடி தப்பித்தது. செல்ஃபி எடுக்கப்போய் விழுகிறவர்களின் முன்னோடி என்று அவரைத் தாராளமாகச் சொல்லலாம்.

1778-ல் தாமஸ் வெஸ்ட் எழுதிய வழிகாட்டி நூல், எந்த ஏரியை எந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று நிலைகளைக் குறித்தே கொடுத்துவிட்டது. பயணிகள் அந்த இடங்களில் வரிசையாக நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு வந்தவர் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த். கிராஸ்மியரில் டவ் காட்டேஜ் என்ற சிறு வீட்டில் 1799 முதல் 1808 வரை குடியிருந்து, அந்த மலைகளில் ஓயாமல் நடந்தவர். ஏரிப் பகுதியை நாட்டின் பொதுச்சொத்தாகக் கருத வேண்டும் என்ற எண்ணத்தைத் தன் வழிகாட்டி நூலில் வைத்தவரும் அவரே. ஆனால் 1844-ல் வின்டர்மியருக்கு ரயில் போடும் திட்டம் வந்தபோது, ஆலைத் தொழிலாளர்கள் கூட்டம் கூட்டமாக வந்திறங்குவார்களே என்று அவரே எதிர்த்தார். 1847-ல் ரயில் வந்தது, கூட்டமும் வந்தது. பொதுச்சொத்து என்றால் பொதுமக்களும் வருவார்கள் என்பதைக் கவிஞரால் ஜீரணிக்க முடியவில்லை.

நடப்பவனுக்குப் படுக்கை இல்லை

பழைய பயணிகளில் சீலியா ஃபியன்ஸ் தனி ரகம். 1680கள் தொடங்கி, பக்கவாட்டுச் சேணத்தில் அமர்ந்து, குதிரையிலேயே இங்கிலாந்து முழுவதையும் சுற்றிய பெண்மணி. 1698-ல் மட்டும் வடக்கே நியூகாசில் வரையும் தென்மேற்கே கார்ன்வால் வரையும் போய்வந்தார். உடம்பு தேறுவதற்காகப் பயணம் என்று சொல்லிக்கொண்டாலும், சுரங்கம், சந்தை, தறி, விடுதிச் செலவு என்று எதையும் அவர் விடவில்லை. பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் பெண்கள் குளிக்கும்போது அணியும் விறைப்பான மஞ்சள் கான்வாஸ் அங்கியில் தண்ணீர் நிறைந்து உப்பிக்கொள்வதால், உடலின் வடிவம் வெளியே தெரியாது என்பதுவரை குறித்திருக்கிறார். ரோமானியர்கள் கட்டிய அந்தக் குளத்துக்கு இன்றும் 46 டிகிரி வெப்பத்தில், நாளொன்றுக்குப் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் நீர் பொங்கி வருகிறது. இப்போது அதில் யாரும் இறங்க அனுமதி இல்லை, பார்க்க மட்டும்தான்.

குதிரையில் வந்தவருக்குக் கிடைத்த மரியாதை நடந்து வந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஜெர்மானிய எழுத்தாளர் கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் 1782-ல் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு ஆக்ஸ்ஃபர்டு வழியாக டெர்பிஷைர் மலைகள் நோக்கி நடந்தார். கௌரவமானவன் எவனாவது நடந்து வருவானா என்பது சத்திரக்காரர்களின் கணக்கு. சில இடங்களில் படுக்கை தர மறுத்தார்கள். சில இடங்களில் சமையலறையில் வேலைக்காரர்களோடு உட்கார வைத்தார்கள். இங்கிலாந்தில் நடப்பது ஏழையின் அடையாளமாக இருந்த காலம் அது.

அந்த ஏழைக்கும் நிலம் சுருங்கிக்கொண்டே வந்தது. 1604-க்கும் 1914-க்கும் இடையே நாடாளுமன்றம் 5,200-க்கும் அதிகமான வேலியடைப்புச் சட்டங்களை இயற்றி, சுமார் 68 லட்சம் ஏக்கர் நிலத்தைத் தனியார் கைக்கு மாற்றியது. ஊர்ப் பொது மேய்ச்சலும் பங்கு நிலமும் வேலிக்குள் போயின. இன்று பயணிகள் கண்குளிரப் படமெடுக்கும் பச்சைப் புதர்வேலிகளிலும் சுண்ணாம்பு சேர்க்காமல் அடுக்கிய கல்சுவர்களிலும் பெரும்பங்கு அந்தப் பங்கீட்டின் எல்லைக்கோடுகள்.

திருப்பம் 1932 ஏப்ரல் 24 அன்று வந்தது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே கிண்டர் ஸ்கவுட் என்றொரு மேட்டு நிலம். டெவன்ஷைர் பிரபுவின் வேட்டைக் காடு. பறவை சுடும் சில நாட்களுக்காக ஆண்டு முழுதும் அடைத்துவைக்கப்பட்ட இடத்துக்குள், பென்னி ராத்மன் என்ற 20 வயது இளைஞரின் தலைமையில் சுமார் 400 பேர் வேண்டுமென்றே நுழைந்தார்கள். பெரும்பாலும் ஆலை நகரத்துத் தொழிலாளர்கள். காவலாட்களோடு கைகலப்பு ஆயிற்று. ராத்மன் உட்பட ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. தண்டனையின் கடுமையே நடைப்பயணிகளின் கோரிக்கையை நாடெங்கும் கொண்டுசேர்த்தது.

1949-ல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-ல் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் டிஸ்ட்ரிக்டுக்குள்தான் கிண்டர் ஸ்கவுட் இருக்கிறது. அதன் அடிவாரத்து ஈடேல் கிராமத்திலிருந்து ஸ்காட்லாந்து எல்லைவரை, சுமார் 430 கிலோமீட்டர் நீளும் பென்னைன் வே நடைபாதை 1965-ல் திறக்கப்பட்டது. நாள், ஏப்ரல் 24. அத்துமீறலின் எழுபதாம் ஆண்டு விழா 2002-ல் நடந்தபோது, அன்றைய டெவன்ஷைர் பிரபு மேடையேறித் தன் பாட்டனார் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார்.

சண்டை முடிந்துவிடவில்லை. 2000-ம் ஆண்டுச் சட்டம் மலை, மேட்டு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் சுதந்திரமாக உலவ அனுமதித்தது. ஆனால் அது இங்கிலாந்தின் பரப்பில் சுமார் 8 சதவீதத்துக்கு மட்டுமே பொருந்தும். தென்மேற்கிலுள்ள டார்ட்மூர் மேட்டு நிலத்தில் கூடாரமடித்து இரவு தங்கும் உரிமையை நிலவுடைமையாளர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மக்களின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆட்டு ரோமம் கட்டிய ஊர்கள்

காட்ஸ்வால்ட்ஸ் மலைத்தொடரின் சிற்றூர்களில் ஊருக்குப் பொருந்தாத ஒன்று கண்ணில் படும். சில நூறு வீடுகளுக்கு நடுவே, ஒரு நகரத்துக்கே போதுமான பிரம்மாண்ட தேவாலயம். கட்டிய காசு கம்பளிக் காசு. நடுக்காலத்தில் இந்த மலைகளின் செம்மறி ரோமம் ஃபிளாண்டர்ஸுக்கும் இத்தாலிக்கும் போனது. சிப்பிங் கேம்ப்டனில் வில்லியம் கிரெவெல் என்ற கம்பளி வணிகர் 1380 வாக்கில் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கம்பளித் தொழிலைக் காக்க அரசு எந்த அளவுக்குப் போனது என்றால், 1660களிலும் 1678-லும் போட்ட சட்டங்களின்படி இறந்தவரைக்கூட ஆங்கிலேயக் கம்பளியில் சுற்றித்தான் புதைக்க வேண்டும்.

கிழக்கே சஃபோக்கில் இருக்கும் லேவன்ஹம், 1520களில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்று. நீலக் கம்பளித் துணிக்குப் பேர்போனது. பிறகு வணிகம் சரிந்தது. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணமில்லை. கோணல்மாணலான மரச்சட்ட வீடுகள் அப்படியே நின்றுவிட்டன. காட்ஸ்வால்ட்ஸும் அதே கதைதான். நீராவி ஆலைகள் யார்க்‌ஷைருக்குப் போனபின் தறிகள் ஓய்ந்தன. இந்த ஊர்களின் பழைமையைக் காப்பாற்றியது ரசனையைவிட வறுமைதான். பின்னால் வடிவமைப்புக் கலைஞர் வில்லியம் மாரிஸ் போன்றவர்கள் வந்து அதன் அருமையை எடுத்துச் சொன்னார்கள்.

மாரிஸ் இங்கிலாந்திலேயே அழகான கிராமம் என்று புகழ்ந்தது பைபரியை. அங்குள்ள ஆர்லிங்டன் ரோ, பதினான்காம் நூற்றாண்டில் கம்பளிக் கிடங்காகக் கட்டப்பட்டு, பதினேழாம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாறிய ஒரு வரிசை. படமெடுக்க வரும் கூட்டத்துக்கு அளவே இல்லை. அந்த வரிசையருகே ஒரு முதியவர் தன் மஞ்சள் நிறக் காரை நிறுத்திவைப்பது வழக்கமாக இருந்தது. படம் கெடுகிறது என்று பயணிகள் புலம்பினார்கள். 2017-ல் யாரோ அந்தக் காரைக் கீறி, கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். செய்தி பரவியதும், நாட்டின் பல மூலைகளிலிருந்து மஞ்சள் கார்களாகத் திரட்டிக்கொண்டு ஒரு கூட்டம் பைபரிக்குள் ஊர்வலம் வந்து அவருக்கு ஆதரவு காட்டியது. படத்துக்குள் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொல்ல முடியாது.

மதராஸ் வைரமும் காசி மகாராஜாவின் கிணறும்

சாலிஸ்பரியின் தேவாலயக் கோபுரம் 123 மீட்டர், பிரிட்டனிலேயே உயரமானது. 1215-ம் ஆண்டு மாக்னா கார்ட்டாவின் எஞ்சிய நான்கு பிரதிகளில் ஒன்று இங்கே இருக்கிறது. ஆனால் ஊர் முதலில் இருந்தது வடக்கே சில கிலோமீட்டரில், ஓல்டு சேரம் என்ற மேட்டில். தண்ணீர்த் தட்டுப்பாடு, கோட்டைச் சிப்பாய்களோடு ஓயாத சச்சரவு. பாதிரிமார்கள் 1220-ல் கீழே ஆற்றோரச் சமவெளியில் புதுத் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். மேட்டில் இருந்த ஊர் காலியானது. காலியான ஊருக்கு 1832 வரை இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள்!

அந்த மேட்டை 1691-ல் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். 1698 முதல் 1709 வரை சென்னை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர். ஆந்திரத்துக் கொல்லூர்ச் சுரங்கத்தின் 410 காரட் வைரத்தை மதராஸில் வாங்கி, இங்கிலாந்துக்கு அனுப்பிப் பட்டை தீட்டி, 1717-ல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளருக்கு விற்றார். அந்தப் பணத்தில் கார்ன்வாலில் பொகானாக் பண்ணையையும் வாங்கினார். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல் ஆளில்லாத ஓல்டு சேரத்தின் உறுப்பினராகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தார், பின்னாளில் பிரதமரானார். வைரம் இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓல்டு சேரத்தில் மண்மேடும் அடித்தளக் கற்களும்.

காட்ஸ்வால்ட்ஸில் மோர்ட்டன்-இன்-மார்ஷ் அருகே செசின்காட் என்ற மாளிகையின் தலையில் முகலாயப் பாணிச் செப்புக் குமிழ். கிழக்கிந்தியக் கம்பெனியில் பொருள் சேர்த்துத் திரும்பிய சார்லஸ் காக்கரெல், 1805-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தன் சகோதரரான கட்டடக் கலைஞரைக் கொண்டு கட்டியது. தோட்டத்துப் பாலத்தின் மேல் நந்திகள்; ஊற்றுக்கருகே சூரியனுக்கு ஒரு சிறு கோயில். தோட்டத்துக்கு யோசனை சொன்னவர், மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களை வந்து வரைந்துபோன ஓவியர் தாமஸ் டேனியல்.

பணம் ஒரே திசையில் போகவில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. ஆக்ஸ்ஃபர்டுஷைரின் ஸ்டோக் ரோ கிராமம் சுண்ணாம்புப் பாறை மேல் இருப்பதால் தண்ணீர் நிற்காது. இந்தியாவில் பணியாற்றிய எட்வர்டு ரீட், தன் ஊர்ப் பக்கத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தைக் காசி மகாராஜாவிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். மகாராஜா அதை மறக்கவில்லை. அவர் செலவில் 368 அடி ஆழத்துக்குக் கையாலேயே தோண்டிய கிணறு 1864-ல் திறக்கப்பட்டது. சிறு குவிமாடத்தின் கீழ் பொன்னிற யானையோடு அது இன்றும் நிற்கிறது. தந்தவர் ஒருமுறைகூட அந்த ஊரைப் பார்க்கவில்லை.

வந்தவர்களும் இருப்பவர்களும்

டிரினிடாடில் இந்திய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த வி.எஸ்.நைபால் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே ஒரு பண்ணைக் குடிலில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். அங்கே அவர் நடந்த நடைகளிலிருந்து பிறந்தது 1987-ல் வந்த ‘தி எனிக்மா ஆஃப் அரைவல்’. என்றென்றைக்கும் மாறாதது என்று அவர் நம்பிய ஊர், பண்ணையாட்கள் மாறுவதும் தோட்டங்கள் அழிவதுமாகக் கண்முன்னே கலைந்துகொண்டிருந்ததை அதில் பதிவு செய்தார். கயானாவில் பிறந்த புகைப்படக் கலைஞர் இங்கிரிட் பொல்லார்டு, 1980களின் கடைசியில் லேக் டிஸ்ட்ரிக்டின் வேலியோரங்களில் கறுப்பினத்தவரை நிறுத்திப் படமெடுத்தார். இந்த நிலக்காட்சியில் யார் இயல்பாக நிற்கலாம், யார் அந்நியமாக உணர்கிறார்கள் என்ற கேள்வியை ‘பாஸ்டரல் இன்டர்லூட்’ என்ற அந்தப் படத்தொகுதி எழுப்பியது.

உள்ளூர்க்காரர்களின் பாடு வேறு. கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் விடுமுறைக்கு மட்டும் வருகிறவர்கள் வீடுகளை வாங்கிக் குவித்ததால், அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு வீடு எட்டாக்கனியானது. 2016-ல் வாக்கெடுப்பு நடத்தி, புதிதாகக் கட்டும் வீடுகளை நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆதரித்தவர்கள் 80 சதவீதத்துக்கும் மேல்.

எப்படிப் போவது?

பிளாக்பர்ன் ஊர்க்காரரான ஆல்ஃபிரட் வெயின்ரைட் கெண்டல் நகரசபையின் கணக்கர். கார் கிடையாது. வார இறுதிகளில் பஸ் பிடித்துப் போய், லேக் டிஸ்ட்ரிக்டின் 214 குன்றுகளையும் ஏறி, ஒவ்வொரு பக்கத்தையும் கையாலேயே எழுதி வரைந்து, 1955 முதல் 1966 வரை ஏழு வழிகாட்டி நூல்கள் வெளியிட்டார். இன்றும் நடைப்பயணிகளின் பைகளில் அவை இருக்கின்றன. வெளியூர்ப் பயணிக்கும் அவர் வழியே உத்தமம். புதர்வேலிகளுக்கு நடுவே ஒரே வண்டி போகக்கூடிய கிராமச் சாலைகளில், எதிரே டிராக்டர் வந்தால் நூறு மீட்டர் பின்னால் எடுக்கத் தெரியாதவர்கள் வாடகைக் காரை நினைக்காமல் இருப்பது நல்லது.

ரயில் எல்லா இடத்துக்கும் போகாது. 1963-ல் பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களை மூடச் சொன்னது, பெரும்பாலானவை மூடப்பட்டன. ஆனாலும் லண்டனிலிருந்து பாத், சாலிஸ்பரி, மோர்ட்டன்-இன்-மார்ஷ் மூன்றும் சுமார் ஒன்றரை மணி நேரம். யார்க் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். அங்கிருந்து உள்ளூர்ப் பஸ். இங்கிலாந்தின் பெரும்பாலான பஸ்களில் ஒருவழிக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2025 ஜனவரி முதல் அது 3 பவுண்ட். ஞாயிற்றுக்கிழமைகளில் பல கிராமங்களுக்குப் பஸ்ஸே கிடையாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தில் பொதுப் பாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். மலைமடிப்பில் கைபேசி சிக்னல் போனாலும் அது போகாது. வழியிலுள்ள கதவு திறந்திருந்தால் திறந்தபடியே விட வேண்டும், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிக்கொண்டு போவது பாதுகாப்பு. காஞ்சொறி மண்டிய வேலியோரங்களில் அரைக்கால் சட்டை வேண்டாம். பல பப்களில் மதியம் இரண்டு, இரண்டரைக்குச் சமையலறை மூடிவிடும். மழைக்கோட்டு எப்போதும் பையில் இருக்கட்டும்; லேக் டிஸ்ட்ரிக்டின் சீத்வெய்ட்டில் ஆண்டுக்குப் பெய்யும் மழை சென்னையைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

ஒரே நாளில் ஐந்து ஊர் என்ற திட்டத்தைக் கைவிட்டு, ஒரே ஊரில் மூன்று நாள் தங்கி, தினம் ஒரு திசையில் பத்துக் கிலோமீட்டர் நடப்பவருக்கே இந்த நாடு பிடிபடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடியும்வரை பகல் நீளம், பூக்களும் அதிகம், பள்ளி விடுமுறைக் கூட்டமும் பெரிதாக இருக்காது. ஆகஸ்டில் போனால் பைபரியில் கால்வைக்க இடம் கிடைப்பதே கஷ்டம்.